மூச்சுப் பொறியின் அமுக்கமும் குருதியின் ஓட்டமும்

கல்லூரியின் பழைய விஞ்ஞானகூடத்திற் பயின்றவர்கள், சன்னலோர மேசையில் நின்ற மணிச்சாடியை மறந்திரார். அடியற்ற கண்ணாடிச் சாடி அது. அதன் மேல்வாயை அடைத்த தக்கையினூடாக ஒரு கவர்க்குழாய் உள்ளே இறங்கும். குழாயின் இரு நுனிகளிலும் இரண்டு சிறு பலூன்கள் தொங்கும். சாடியின் அடியை ஓர் இறப்பர்த் தாள் மூடியிருக்கும். ஆசிரியர் இறப்பர்த் தாளைக் கீழே இழுப்பார், பலூன்கள் விரியும். விட்டுவிடுவார், அவை சுருங்கும். “பலூன் நுரையீரல், சாடி நெஞ்சறை, இறப்பர் பிரிமென்றகடு” என்று கூறிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்புவார். ஒருநாள் எம் வகுப்பிற் குறும்புக்குப் பேர்போன ஒருவன், “குழாயில் வாயை வைத்து ஊதினாலும் பலூன் விரியுந்தானே, சேர்? இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?” என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை. “பலூனுக்கு வித்தியாசமில்லை, சாடிக்கு உண்டு” என்று மாத்திரம் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார்.

அவ்விடையின் பொருளை நான் உணர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. உணர்த்தியவர் சத்திரசிகிச்சை மேசையிற் கிடந்த ஒரு நோயாளி. அவ்வரலாற்றைப் பின்னர்க் கூறுவேன்.

என் தொழில் நோயாளரை உறங்கவைப்பது என்றே பலரும் எண்ணுகின்றனர். ஊர்த் திருமண வீடுகளில், “நீங்கள் மயக்க ஊசி போடுகிறவர்தானே, ஊசி போட்டபின் உங்களுக்கு என்ன வேலை?” என்று கேட்டவர்கள் பலர். உறங்கவைப்பது சில நிமிடங்களில் முடியும் காரியம். உறங்கியவருக்கு மூச்சு விடுவதும், அவர் குருதி ஓடுவதைக் காப்பதும், பின் பழுதின்றி எழுப்புவதுமே மீதி வேலை. மலர்க்குழுவினர் என் தொழிலைப் பற்றி எழுதுமாறு பணித்தபோது, இவ்வேலையில் ஒரு சிறு பகுதியை, அஃதாவது சுவாசப்பொறியின் அமுக்கத்தைத் திருகும் ஒரு குமிழைப் பற்றி மாத்திரம் எழுதத் துணிந்தேன். பித்தப்பைக் கல்லுக்காகவோ குடல்வாலுக்காகவோ சிறுதுளைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பழைய மாணவர் இன்று பலர் உளர். அவர்கள் உறங்கியிருந்த வேளையில் அவர்களுடைய இருதயத்துக்கு என்ன நிகழ்ந்தது என்பதை அறிந்துகொள்வதில் அவர்களுக்கு விருப்பம் இருக்கும் என நம்புகிறேன்.

சிறுதுளைச் சத்திரசிகிச்சை என்று நான் கூறுவது வைத்தியசாலைகளில் ‘லப்பரஸ்கோப்பி’ என வழங்குவதையே. வயிற்றை ஒரு சாண் நீளத்துக்குக் கீறித் திறவாமல், ஒரு விரல் நுழையுமளவான சில துளைகளை இட்டு, அவற்றினூடாக ஒளியும் கமராவும் நீண்ட கருவிகளும் செலுத்தி வேலையை முடிப்பது இம்முறை. ஜேர்மனியில் ஜோர்ஜ் கெல்லிங் 1901-இல் ஒரு நாயின் வயிற்றை இவ்வாறு நோக்கிக் காட்டினார். சுவீடனில் ஜாகோபேயஸ் 1910-இல் மனிதரில் இதனைக் கையாண்டார். நெடுங்காலம் இது பார்ப்பதற்கான கருவியாகவே இருந்தது. 1980-இல் கீல் நகரிற் குர்த் செம் என்பார் இம்முறையாற் குடல்வாலை அகற்றியபோது, அவருடைய நாட்டு வைத்தியரே அவரைக் கடிந்து பேசினர். 1985-இல் எரிக் மியூகே பித்தப்பையை அகற்றினார். 1987-இற் பிரான்சின் லியோன் நகரில் பிலிப் மூரே அதனைச் செய்த பின்னரே உலகம் இதனை ஏற்றுக்கொள்ளத் தொடங்கியது.

வயிற்றினுள்ளே இடமின்றி வேலை செய்ய இயலாது. ஆகவே ஒரு குழாய் வழியாக வாயுவைச் செலுத்தி வயிற்றுச் சுவரைக் கூடாரம்போல உயர்த்துகின்றனர். வாயு காபனீரொட்சைட்டு. அது தீப்பற்றாது, மின்னாற் சுட்டுக் குருதியை நிறுத்தும் கருவிக்கு அஞ்ச வேண்டுவதில்லை. குருதியில் விரைவிற் கரைந்து நுரையீரல் வழியாக வெளியேறியும் விடும். அதன் அமுக்கத்தைச் சத்திரவைத்தியர் பெரும்பாலும் 12 முதல் 15 மில்லிமீற்றர் இரசம் வரையில் வைப்பர். எண் சிறிதுதான். ஆனால் அது எதன்மேற் செயற்படுகிறது என்பதை நோக்கவேண்டும்.

நம்முடைய தோட்டங்களில் துலா மிதித்த காலத்தை அறிந்தவர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. துலாவில் ஏறி மிதிப்பவர் எத்துணை வலியவராயினும், பட்டையை ஏந்துபவர் எத்துணை விரைவுடையவராயினும், கிணற்றில் ஊறுகின்ற நீருக்கு மேல் ஒரு பட்டையும் இறைக்க முடியாது. இருதயமும் அத்தகையதே. தன்னிடம் திரும்பி வந்த குருதியையே அது இறைக்கும். வராததை இறைக்க வல்லதன்று. இருதயத்திலிருந்து வெளிச்செல்லும் நாடிகளில் அமுக்கம் 100 மில்லிமீற்றர் இரசத்தை அண்மியிருக்கும். அதனை நாம் கையைக் கட்டி அளக்கிறோம், எல்லாரும் அறிவோம். ஆனால் உடலெங்குமுள்ள நாளங்களிலிருந்து வலச் சோணையறைக்குக் குருதியைத் திரும்பத் தள்ளும் அமுக்கம் எவ்வளவு? அமெரிக்க உடற்றொழிலியல் அறிஞர் ஆதர் கைற்றன் 1950-களில் இதனை ஆராய்ந்து விளக்கினார். அது ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் இரசம். நீரின் உயரமாகக் கூறினால் ஒன்பதரைச் சதமமீற்றர், அரைச்சாணும் இல்லை. வாய்க்காலின் கடைசிப் பாத்திக்கு நீரைக் கொண்டுசெல்லும் அந்தச் சிறு சரிவைப் போன்றது இது. வாய்க்காலின் முனையில் ஒரு கைப்பிடி மண் விழுந்தாற் போதும், கடைசிப் பாத்தி காய்ந்துவிடும்.

இயல்பாக மூச்சை உள்ளிழுக்கும்போது நெஞ்சறையில் அமுக்கம் குறைகிறது. இறப்பர்த் தாளைக் கீழே இழுத்தபோது சாடியினுள் நிகழ்ந்தது அதுவே. காற்று உள்ளே வருவதுபோலக் குருதியும் நாளங்களிலிருந்து உள்ளே இழுக்கப்படுகிறது. ஒவ்வொரு மூச்சும் இருதயத்துக்கு ஓர் உதவி. போலியோவினால் மூச்சிழந்தவர்களைக் கழுத்துவரை இரும்புப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றிய காலத்தில், அப்பெட்டியும் இவ்வகையிலேயே வேலை செய்தது. நெஞ்சைச் சூழ அமுக்கத்தைக் குறைத்துக் காற்றை உள்ளே வரச்செய்தது. 1952-இற் கொப்பன்கேகன் நகரிற் போலியோ பெருகி, அத்தகைய பெட்டிகள் போதாமற் போயின. அப்பொழுது பியோன் இப்சன் என்னும் மயக்கமருந்து வைத்தியர், தொண்டையிற் குழாய் பொருத்திக் கையால் இறப்பர்ப் பையை அழுத்திக் காற்றை உள்ளே தள்ளும் முறையைப் புகுத்தினார். சுமார் 1500 மாணவர் முறைவைத்து இரவுபகலாகப் பையை அழுத்தினர். இறந்துபோகவேண்டியவர்கள் பலர் பிழைத்தனர். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளும் சுவாசப்பொறிகளும் அக்கோடை காலத்தின் பிள்ளைகள் எனலாம். நம் மாணவருக்கு இதனைச் சற்று அழுத்திக் கூறுகிறேன்: அப்பைகளை அழுத்திய கைகள் பெரும்பாலும் வைத்தியக் கல்லூரி மாணவரின் கைகள்.

ஆயினும் குழாயில் ஊதுவதற்கும் இறப்பரை இழுப்பதற்கும் வேறுபாடு உண்டென்பது அதற்கு முன்னரே அறியப்பட்டிருந்தது. நியூயோர்க்கில் அந்திரே கூர்நானும் அவருடன் உழைத்தவர்களும், அமுக்கத்தோடு காற்றூட்டும்போது இருதயம் வெளியிடும் குருதி குறைகிறது என்பதை மனிதரில் அளந்து 1948-இல் வெளியிட்டனர். காற்றை ஊதுந்தோறும் பலூன் விரிகிறது, மெய்தான். ஆனாற் சாடிக்குள்ளும் அமுக்கம் ஏறுகிறது. பலூன்களுக்கு நடுவே, அதே சாடிக்குள், இருதயம் இருக்கிறது. அதனுள் வந்துசேரும் நாளங்களும் அங்கேயே உள. ஏழு மில்லிமீற்றர்ச் சரிவின் தாழ்ந்த நுனியை நாம் நம் கையாலேயே உயர்த்திவிடுகிறோம். ஆசிரியரின் விடை இதுவே.

இனிக் குமிழுக்கு வருவோம். சுவாசப்பொறி காற்றை ஊதியபின் நோயாளி அதனை வெளிவிடுகிறார். முற்றாக வெளிவிட விட்டால் நுரையீரலின் சிற்றறைகள் சில, ஈரமான பலூனின் உட்புறம்போல, ஒட்டிக்கொள்ளும். மறுபடி அவற்றைத் திறப்பது கடினம். ஆதலால் வெளிவிட்ட பின்னும் ஒரு சிறு அமுக்கத்தை உள்ளே எஞ்சவிடுகிறோம். சத்திரசிகிச்சைக் கூடத்தில் இதனைப் ‘பீப்’ என்ற ஒற்றைச் சொல்லால் வழங்குவோம். இங்கே எச்ச அமுக்கம் என்கிறேன். இதனை நீர்ச் சதமமீற்றரில் அளப்பது வழக்கம். ஐந்து என்று வைத்தால், ஒரு குவளை நீரில் ஐந்து சதமமீற்றர் ஆழத்தில் அமிழ்த்திய குழாயினூடாக மூச்சை விடுவதற்கு ஒப்பாகும். விஞ்ஞானகூடத்தில் யூ வடிவக் குழாய் இன்னும் இருக்குமாயின், மாணவர் தாமே ஊதிப் பார்க்கலாம். எவ்வளவு எளிது என்பது விளங்கும். எளிதாயிருப்பதே அதன் அபாயமும் ஆகும்.

மயக்கத்தில் ஆழ்ந்தவருக்கு எச்ச அமுக்கம் தேவையா என்றால், தேவையே. தசைகள் தளர்ந்தவுடன் பிரிமென்றகடு மேலே ஏறி நுரையீரலின் அடிப்பாகங்களை நசுக்குகிறது. பெரும்பாலானோரில் நுரையீரலின் ஒரு பகுதி சில நிமிடங்களிலேயே சுருங்கிவிடுவதை ஊடுகதிர்ப் படங்கள் காட்டியுள்ளன. சிறுதுளைச் சத்திரசிகிச்சையில் வயிற்று வாயு அதே தகட்டை இன்னும் மேலே தள்ளுகிறது. ஆகவே நுரையீரலைக் காக்க விரும்பும் வைத்தியனின் கை எச்ச அமுக்கத்தைக் கூட்டவே விரையும். கீழிருந்து தள்ளுகிறவனை மேலிருந்து தள்ளி நிறுத்துவது நியாயந்தானே என்று தோன்றும்.

இவ்விடத்தில் ஒரு கணக்குப் பிழை பலருக்கு நேர்கிறது. சத்திரவைத்தியரின் பொறியில் வயிற்று அமுக்கம் இரச மில்லிமீற்றரில் எழுதப்பட்டிருக்கும். என் பொறியில் எச்ச அமுக்கம் நீர்ச் சதமமீற்றரில் எழுதப்பட்டிருக்கும். ஒரு மில்லிமீற்றர் இரசம் 1.36 சதமமீற்றர் நீருக்குச் சமன். ஆகவே அவருடைய 12 என்பது என் கணக்கில் 16-க்குச் சற்று மேல். என்னுடைய 5 என்பது அவர் கணக்கில் 4-க்குங் குறைவு. இரண்டு திரைகளும் ஒரே அறையில், இரண்டு முழ இடைவெளியில் நிற்கின்றன. இரண்டும் வெவ்வேறு மொழி பேசுகின்றன. வயிற்று அமுக்கத்தை முழுவதும் எதிர்த்து நிற்கவேண்டுமாயின் 16 வைக்கவேண்டும். அவ்வாறு வைத்தால் இருதயத்தின் கதி என்னாகும்?

நலமான நெஞ்சில், காற்றுக் குழாயில் ஏற்றிய அமுக்கத்தின் ஏறத்தாழ அரைவாசியே நுரையீரலைக் கடந்து இருதயத்தைச் சூழ்ந்த இடத்தை அடைகிறது. மீதியை நுரையீரலின் நெகிழ்ச்சி ஏற்றுக்கொள்ளும். பத்துச் சதமமீற்றர் வைத்தோமாயின் இருதயத்தைச் சூழ ஏறக்குறைய மூன்றரை மில்லிமீற்றர் இரசம் ஏறும். ஏழில் மூன்றரை! உடல் இதனைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை; நாளங்களைச் சுருக்கித் தேங்கிய குருதியை விரட்டிச் சரிவை மீண்டும் உண்டாக்க முயல்கிறது. விழித்திருப்பவரில் இம்முயற்சி பெரும்பாலும் வெற்றியடையும். ஆனால் மயக்கமருந்துகள் அந்தச் சுருக்கத்தையும் தளர்த்திவிடுகின்றன. மேலும் வயிற்றில் வாயு நிறைந்து நெஞ்சுக்கூடு விறைத்திருக்கும் வேளையில், நுரையீரல் விரிய இடமில்லாமையால், குழாயில் ஏற்றும் அமுக்கத்தில் அரைவாசிக்கும் மேற்பட்ட பங்கு இருதயத்தை நாடும். அதே பத்து, வாயு இல்லாதபோது ஒரு பத்து. வாயு உள்ளபோது இன்னொரு பத்து. எச்ச அமுக்கமும் வயிற்று அமுக்கமும் தனித்தனியே தாங்கப்படினும், இரண்டும் சேரும்போது இருதயம் வெளியிடும் குருதி குறைகிறது என்பதை 1999-இல் அமெரிக்க ஆய்வொன்றும் காட்டியது.

வயிற்று வாயு தானும் குருதியோட்டத்தோடு விளையாடுகிறது. தொடக்கத்தில், அமுக்கம் குறைவாயிருக்கும்போது, ஈரலிலும் குடலிலும் தங்கிய குருதியைப் பிழிந்து இருதயத்துக்கு அனுப்பும். அமுக்கம் ஏற ஏறக் கீழ்ப் பெருநாளத்தையே நசுக்கிக் கால்களிலிருந்து வரும் குருதியைத் தடுக்கும். உடலிற் போதிய குருதியும் நீரும் உள்ளவருக்கு அது மெல்ல நேரும். வற்றியவருக்கு விரைவில் நேரும். இதற்கிடையில் நாடிகள் இறுகுகின்றன. இறுகிய நாடிகளிற் குருதியமுக்கம் உயரும். இதுவே பெரிய ஏமாற்று. கையிற் கட்டிய பட்டி 140 என்று காட்டும். எல்லாம் நலம் என்று இளம் வைத்தியன் நினைப்பான். வாய்க்காலின் வாயை அடைத்தால் நீர்மட்டம் உயரத்தான் செய்யும். பாத்திக்கு நீர் போவது கூடாது. பெல்ஜியத்தின் லியேஜ் நகர வைத்தியர் 1993-இல் வெளியிட்ட அளவீடுகளில், மயக்கமும் தலையுயர்த்திய சாய்வும் வயிற்று வாயுவும் ஒன்றுசேர்ந்தபோது இருதயம் வெளியிட்ட குருதி முன்னிருந்ததில் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்து, சிறிது நேரத்தின்பின் ஓரளவு மீண்டது. அவர்கள் வேறு நோயற்றவர்கள். பழுதுபட்ட இருதயத்தோடு வருபவரின் நிலையை நாமே உய்த்துணரலாம்.

சாய்வு என்றேன். பித்தப்பை வேலைக்கு மேசையைத் தலைப்பக்கம் உயர்த்துவர். குடல் கீழே சரிந்து இடம் விடும். குருதியும் கால்களை நோக்கிச் சரியும். இடுப்பறை வேலைகளுக்குத் தலையைத் தாழ்த்துவர். அப்போது குருதி இருதயத்துக்கு வருவது எளிதாகும், ஆனாற் குடலின் சுமை முழுவதும் பிரிமென்றகட்டின்மேல் விழும். ஆகவே ஒரே எச்ச அமுக்கம் முன்னவரின் இருதயத்தை வாட்டும்; பின்னவருக்கு அதுவே போதாமலும் போகலாம்.

இப்பொழுது நான் வாக்களித்த வரலாறு. இத்தீவின் ஒரு வைத்தியசாலையில் நான் பயிற்சியிலிருந்த காலம். அறுபதை அண்மிய, சற்றுப் பருத்த, கழுத்துக் குறுகிய ஓர் அம்மையார் பித்தப்பைக் கல்லுக்காக வந்திருந்தார். முதல்நாள் இரவு எட்டுமணிக்குப் பின் ஒரு சொட்டு நீரும் அருந்தாதவர். அப்படியே இருக்கும்படி யாரோ சொல்லியிருந்தார்கள். வாயு ஏற்றி, மேசையைச் சாய்த்துச் சில நிமிடங்களில் ஒட்சிசன் அளவு 97-இலிருந்து 91-க்கு இறங்கியது. நுரையீரல் சுருங்கிவிட்டது, திறக்கவேண்டும் என்று தீர்மானித்து எச்ச அமுக்கத்தை ஐந்திலிருந்து பன்னிரண்டுக்கு உயர்த்தினேன். நூலிற் படித்ததைச் செய்த திருப்தி எனக்கு. இன்னொரு மகிழ்ச்சியும் சேர்ந்தது. வயிற்றிலிருந்து குருதியிற் கலந்த காபனீரொட்சைட்டு மூச்சிற் கூடிக்கூடி வந்து என்னைத் தொல்லைப்படுத்திக்கொண்டிருந்தது. அது 42-இலிருந்து 35 ஆகி, 27-க்கும் இறங்கியது. என் கைவண்ணம் என்று எண்ணிக்கொண்டேன். பட்டி குருதியமுக்கத்தை அளந்து முடித்தபோது 68 என்று காட்டியது.

என் மூத்த வைத்தியர் அடுத்த கூடத்திலிருந்து வந்தார். திரையை ஒருமுறை பார்த்தார். “தம்பி, காபனீரொட்சைட்டு வெளியே போய் முடிந்து குறையவில்லை. அதைக் கொண்டுவருகிற இரத்தம் வரவில்லை” என்றார். சொல்லிக்கொண்டே குமிழை ஐந்துக்குத் திருப்பினார், சத்திரவைத்தியரிடம் வாயுவை விடும்படி கேட்டார், மேசையை மட்டமாக்கச் சொன்னார், சேலைனைத் திறந்துவிட்டார், நாளத்தைச் சுருக்கும் மருந்திற் சிறிதளவு கொடுத்தார். அதற்குள் குழற்கருவியைக் காதிற் செருகி அம்மையாரின் இடப்பக்க நெஞ்சில் வைத்தார். அங்கே மூச்சொலி இல்லை. வாயு பிரிமென்றகட்டை மேலே தள்ள, நுரையீரல் முழுதும் மேலே நகர்ந்து, தொண்டைக் குழாயின் நுனி வலச் சுவாசக்கிளைக்குள் இறங்கியிருந்தது. ஒரு நுரையீரலுக்கே காற்றுச் சென்றது. அதனாலேயே ஒட்சிசன் இறங்கியது. அந்த ஒற்றை நுரையீரலுக்குள் நான் பன்னிரண்டை ஏற்றி, வற்றிய உடலில் எஞ்சிய சரிவையும் அடைத்துவிட்டேன். குழாயை இரண்டு சதமமீற்றர் வெளியே இழுத்ததும் ஒட்சிசன் 98. ஐந்து நிமிடத்திற் குருதியமுக்கமும் மீண்டது. அம்மையார் மறுநாட் காலையிற் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அன்று உணவு இறங்கவில்லை. மூத்தவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “காதால் கேட்ட பிறகு கையால் திருகு” என்று மாத்திரம் சொன்னார்.

இதனைப் படிப்பவர், அப்படியாயின் எச்ச அமுக்கமே வேண்டாம், பூச்சியத்தில் வைத்துவிடலாமே எனக் கருதுதல் கூடும். அதுவும் பிழை. நுரையீரலினூடாக ஓடும் குருதிக்கும் ஒரு தடை உண்டு. சிற்றறைகள் அளவுக்கு மீறி விரிந்தால் அவற்றின் சுவரிலோடும் மயிர்த்துளைக் குழாய்கள் நசுங்கித் தடை கூடும். சிற்றறைகள் சுருங்கினாலோ, ஒட்சிசன் குன்றிய அப்பகுதியின் நாடிகள் தாமே இறுகி மீண்டும் தடை கூடும். இரண்டிற்கும் இடையில் ஒரு தாழ்ந்த பள்ளம் உண்டு. வல இதயவறை மிகக் குறைந்த உழைப்போடு இறைப்பது அப்பள்ளத்தில். ஆகவே சுருங்கிய நுரையீரலை அளவாகத் திறப்பது இருதயத்துக்கும் நன்மையே.

அளவு எது என்பதிலேதான் கற்றோர் நெடுநாள் வாதிட்டனர். 2013-இற் பிரான்சில் வயிற்றுச் சத்திரசிகிச்சைக்குட்பட்ட 400 பேரில் நடந்த ஆய்வு, சிறு மூச்சுகளையும் 6 முதல் 8 வரையான எச்ச அமுக்கத்தையும், பெரு மூச்சுகளையும் பூச்சியத்தையும் கொண்ட பழைய முறையோடு ஒப்பிட்டது. பெருந் தொல்லைகள் பழைய முறையில் 27.5 வீதம்; புதியதில் 10.5 வீதம். நன்மை எச்ச அமுக்கத்தாலா, மூச்சைச் சிறிதாக்கியதாலா என்பதை அவ்வாய்வு பிரித்துக் காட்டவில்லை. 2014-இல் 900 பேரில் நடந்த மற்றோர் ஆய்வு மூச்சின் அளவை இருசாராருக்கும் ஒன்றாக்கி, எச்ச அமுக்கத்தை 12 என்றும் 2 அல்லது அதற்குக் கீழ் என்றும் மாற்றிப் பார்த்தது. அது வயிற்றைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சை. நுரையீரற் றொல்லைகளில் வேறுபாடு இல்லை; உயர்ந்த அமுக்கம் பெற்றவர்களிலே குருதியமுக்கம் வீழ்ந்து மருந்து வேண்டியவர் அதிகம். பருத்த உடலினருக்காவது உயர்ந்த அமுக்கம் உதவுமோ என்று 2019-இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 2000 பேரில் 12-ஐயும் 4-ஐயும் ஒப்பிட்டது. நுரையீரற் றொல்லைகள் 21.3 வீதமும் 23.6 வீதமும், இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியதே. குருதியமுக்க வீழ்ச்சியோ 31.6 வீதமும் 17.2 வீதமும். என் எண்ணத்தில், எல்லார்க்கும் பொருந்தும் ஓர் உயர்ந்த எண்ணைத் தேடிய முயற்சி இத்துடன் ஓய்ந்தது. ஐந்தளவில் தொடங்குவதும், மூச்சின் அளவை உயரத்துக்குரிய எடையில் கிலோவுக்கு 6 முதல் 8 மில்லிலீற்றரில் நிறுத்துவதும், பின் அவரவர் நுரையீரலையும் குருதியோட்டத்தையும் பார்த்து ஒவ்வொன்றாக ஏற்றி இறக்குவதுமே இன்று பலர் கைக்கொள்ளும் வழி. சத்திரவைத்தியரும் தம் பங்குக்கு, வேலைக்குப் போதுமான மிகக் குறைந்த வாயு அமுக்கத்தோடு அமைய முயல்கின்றனர். 15-ஐ 10 ஆக்க அவர் இசைந்தால், நான் குமிழைத் தொடவேண்டிய தேவையே சிலவேளை அற்றுப்போகும். அந்த இசைவைப் பெறுவதற்கு இரு வைத்தியரும் ஒருவரோடொருவர் பேசும் பழக்கமுடையவர்களாக இருத்தல் வேண்டும். எல்லாக் கூடங்களிலும் அப்படியென்று சொல்லமாட்டேன்.

குமிழில் எழுதப்படாத எச்ச அமுக்கம் ஒன்றும் உண்டு. வயிற்றிலிருந்து வரும் காபனீரொட்சைட்டை வெளியேற்ற நாம் நிமிடத்துக்கு விடும் மூச்சுகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறோம். கூட்டக் கூட்ட வெளிவிடும் நேரம் குறுகும். நெடுங்காலம் சுருட்டுப் பிடித்தவரின் சுவாசக்குழாய்கள் மெதுவாகவே காற்றை வெளிவிடும். முந்திய மூச்சு முடியுமுன் பிந்திய மூச்சு வந்துவிட, காற்று உள்ளே அடைபட்டுத் தானே அமுக்கமாக மாறும். திரையில் 5 என்றிருக்கும்; நெஞ்சுக்குள் 12 இருக்கலாம். காரணமின்றிக் குருதியமுக்கம் வீழ்ந்தால், சில விநாடி குழாயைப் பொறியிலிருந்து கழற்றிவிட்டுப் பார்ப்பது பழைய வைத்தியரின் சோதனை. அடைபட்ட காற்று பெருமூச்சாக வெளியேற, குருதியமுக்கம் ஏறினால் நோய் எது என்பது வெளிப்படும். சுருட்டை விரும்பும் நண்பர்கள், எத்தனை ஆண்டுகள், நாளுக்கு எத்தனை என்பதைத் தம் வைத்தியரிடம் நாணாமற் சொல்லவேண்டுவது இதன்பொருட்டே.

சொல்லவேண்டியவை வேறும் உள. படியேறினால் மூச்சு வாங்குமா, தட்டையாகப் படுத்து உறங்க முடியுமா, இருதய வால்வில் பழுதுண்டென்று யாரேனும் கூறியதுண்டா, குருதியமுக்கத்துக்கு என்ன குளிசை எடுக்கிறீர்கள் என்றெல்லாம் முதல்நாள் நாம் கேட்பது சம்பிரதாயத்துக்கன்று. அக்குளிசைகளிற் சில, மயக்கத்தின்போது நாளங்கள் சுருங்குவதைத் தடுக்கும். எதை அன்று காலை நிறுத்துவது, எதை நிறுத்தக்கூடாது என்பதை வைத்தியர் சொல்லவேண்டும், தாமாக நிறுத்தலாகாது. பட்டினியைப் பற்றியும் ஒரு சொல். திண்ணிய உணவை முன்னதாகவே நிறுத்தவேண்டும். ஆனால் வெறும் நீரைப் பெரும்பாலானோர் மயக்கத்துக்கு இரண்டு மணி நேரம் முன்வரை அருந்தலாம் என்பதே இன்றைய விதி. நம்மவரோ சொன்னதற்கு இரட்டிப்பாக நோன்பு நோற்று, நா வறண்டு வந்து மேசையிற் படுக்கின்றனர். ஊற்றை வற்றவைத்துவிட்டுத் துலா மிதிக்கச் சொல்வதுபோலாகும் அது.

வேலை முடிந்ததும் சத்திரவைத்தியர் துளைகளைத் திறந்து வாயுவை வெளியே விடுகிறார். அந்நேரம் என் கை குமிழின்மேலேயே இருக்கும். பிரிமென்றகடு கீழே இறங்கும். ஒரு கணத்துக்கு முன் விறைத்திருந்த நெஞ்சு இளகும். இறுகிய நாடிகள் தளரும். சில நிமிடங்களுக்குக் குருதியமுக்கம் தாழக்கூடும், பின்னர் நிலைகொள்ளும். வாயு முழுதும் ஒருபோதும் வெளியேறுவதில்லை. எஞ்சியது பிரிமென்றகட்டின் அடியிற் சென்று தங்கி, அதன் நரம்பை உறுத்தும். அந்நரம்பு கழுத்திலிருந்து இறங்குவதாகையால் வலி தோளில் தெரியும். பித்தப்பையை எடுத்ததற்குத் தோள் ஏன் நோகிறது என்று என்னை வழிமறித்துக் கேட்ட பழைய மாணவர் இருவர் உளர். இரண்டு மூன்று நாளில் அவ்வாயு குருதியிற் கரைந்து, அவர்கள் அறியாமலே, அவர்களுடைய சொந்த மூச்சில் வெளியே போய்விடும்.